ஒளியால் கெடும் பொருளை ஒளியாலேயே அளத்தல்

1876ஆம் ஆண்டில் பிரான்ஸ் போல் என்னும் விஞ்ஞானி, தவளையின் விழித்திரையிலுள்ள செந்நிறம் வெளிச்சத்தில் விரைவில் வெளுத்துப்போவதைக் கண்டார். அந்நிறப்பொருள் ரோடாப்சின் எனப்படும். மங்கிய ஒளியில் நாம் காண்பதற்கு அதுவே ஆதாரம். ஒளி பட்டதும் மாறுவதே அதன் தொழில். அவ்வியல்பே அதனை ஆராய்வோர்க்கு இடராகவும் அமைகின்றது.

ஒரு பொருள் எந்த அலைநீளமுள்ள ஒளியை எவ்வளவு உட்கவர்கின்றது என்று அளப்பது நிறமாலை ஆய்வின் ஒரு முறையாகும். ரோடாப்சின் ஏறத்தாழ 500 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியை மிகுதியாக உட்கவரும். அதன் கரைசலைச் சாதாரண வெளிச்சத்தில் கருவிக்கு எடுத்துச் சென்றால், அளக்கு முன்பே அது வெளுத்துவிடும். எனவே கரைசலை இருட்பெட்டியிலேயே வைத்து, ஒளியை அதனிடம் அனுப்புவது நலம். இதற்கு உதவுவதே ஒளியிழைச் சலாகை.

கண்ணாடியிழையின் உள்ளகத்திற்கு ஒளிவிலகல் எண் மிகுதி. அதன் உறைக்குக் குறைவு. ஆதலின் உட்புகுந்த ஒளி முழு அகப் பிரதிபலிப்பினால் இழையின் வளைவுகளிலும் வெளியேறாது செல்லும். இவ்வாறு இழைக்கற்றை வழியே பிம்பத்தைச் செலுத்தலாம் என்பதை, பஞ்சாபில் பிறந்த நரீந்தர் சிங் கபானியும் ஹாப்கின்ஸும் 1954இல் லண்டனிலிருந்து வெளியிட்டனர்.

கரைசலில் அமிழ்த்தும் சலாகையில், சில இழைகள் ஒளியைக் கொண்டுவரும். அது சிறு இடைவெளியிலுள்ள கரைசலைக் கடந்து, முனையிலுள்ள ஆடியில் பட்டுத் திரும்பும். வேறு இழைகள் அதனை வெளியிலுள்ள நிறமாலைமானிக்குக் கொண்டு செல்லும்.

எனினும், சலாகையின் ஒளியும் ஒளியே என்பதை மறத்தலாகாது. அளவிடும் கணத்தில் மட்டும் திறக்கும் மூடியை விளக்கின் முன் அமைத்தல் வேண்டும். ஒளியையும் இயன்றவரை குறைத்தல் வேண்டும். கருவியில் பொருத்தப்படாத இழைமுனையை மூடிவைத்தல் வேண்டும். இன்றேல் அறையின் வெளிச்சம் அதன் வழியே இருட்பெட்டிக்குள் புகும். அடுத்தடுத்து இருமுறை அளந்து, இரண்டாம் அளவில் 500 நானோமீட்டரில் உட்கவர்தல் குறைந்திருப்பின், அளக்கும் ஒளியே பொருளை வெளுக்கச் செய்ததோ என ஐயுற்று, ஒளியை மேலும் குறைத்துப் புதிய கரைசலில் மீண்டும் அளத்தல் வேண்டும்.

இறுதியில் கரைசலை வேண்டுமென்றே வெளுக்கச் செய்து மீண்டும் அளப்பர். முன்னும் பின்னும் கண்ட உட்கவர்தல்களின் வேறுபாட்டிலிருந்து ரோடாப்சினின் அளவைக் கணக்கிடலாம். தொடக்கத்தில் இடராயிருந்த இயல்பே இங்கு அளவுகோலாகப் பயன்படுகின்றது.