ஜிலேபிக் கெண்டையின் சொந்தக்காரர்

சிங்கப்பூரில் கிராஞ்சிப் பக்கத்து மீன் பண்ணைகளுக்குப் போனால், நெற்றி புடைத்த சிவப்பு மீன் ஒன்று நிச்சயம் உங்களை நிறுத்திவிடும். கண்ணாடியில் விரலை ஓட்டினால் கூடவே வரும். பெயர் ஃபிளவர்ஹார்ன். 1990களில் மலேசியாவில், மத்திய அமெரிக்க சிக்லிட் மீன்களைக் கலந்து உருவாக்கிய இனம். சீனர்கள் 'லுவோஹான்' என்பார்கள்; நெற்றி மேடு பெருத்தால் அதிர்ஷ்டம் என்று நம்புகிறவர்கள் உண்டு. ஊர்ச் சந்தையில் வாங்கும் ஜிலேபிக் கெண்டையும், கேரளத்துக் கரிமீனும்கூட சிக்லிட் குடும்பம்தான்.

இந்த மீன் ஏன் கூட விட்டதையெல்லாம் கடித்துக் குதறுகிறது? பிள்ளைப் பாசம்தான் காரணம். பெரும்பாலான மீன்கள் முட்டையிட்டதோடு போய்விடும். சிக்லிட் அப்படியில்லை. தட்டையான ஒரு கல்லை வாயாலேயே சுத்தம் செய்யும். சரளையை வாயில் அள்ளி அப்பால் துப்பிக் குழி பறிக்கும். முட்டைக்குத் துடுப்பால் விசிறிவிடும். குஞ்சு பொரித்த பிறகும் காவல் நிற்கும். அந்த எல்லைக்குள் வருவது எதுவானாலும் பகைதான். தொட்டி கழுவப் போன என் விரலையே ஒருமுறை ரத்தம் வரக் கடித்துவிட்டது. ஆற்றில் தோற்ற மீன் தப்பி ஓடும். நாலடித் தொட்டியில் எங்கே ஓடும்?

அதனால் ஃபிளவர்ஹார்னுக்குத் தனித் தொட்டிதான். மற்ற சிக்லிட்களோடு புது மீனைச் சேர்க்கும்போது கற்களை இடம் மாற்றி அடுக்குங்கள். பழைய மீனுக்கும் எல்லை குழம்பிவிடும். இருவரும் புதுக்குடித்தனம்போலத் தொடங்குவார்கள்.

தண்ணீரில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தமிழ்நாட்டில் குழாய்த் தண்ணீரை ஒரு ராத்திரி வைத்திருந்து ஊற்றுவோம், குளோரின் பறந்துவிடும். சிங்கப்பூர்க் குழாய் நீரில் இருப்பது குளோரமின். அது அவ்வளவு சீக்கிரம் போகாது. தண்ணீர் மாற்றும்போதெல்லாம் அதற்கான மருந்தை அளந்து ஊற்றியே ஆகவேண்டும். இங்குள்ள வெயிலுக்கு ஹீட்டர் மட்டும் தேவையில்லை.

வாங்கும்போது இரண்டு அங்குலம் இருக்கும் மீன் ஓரடி வரை வளரும். அப்போது சமாளிக்க முடியாமல் நீர்த்தேக்கத்தில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது சட்டப்படி குற்றம். கிராஞ்சி ஆற்றை மறித்து 1975இல் உருவாக்கிய நீர்த்தேக்கம் நாம் குடிக்கும் தண்ணீருக்கானது. தென்னமெரிக்க பீகாக் பாஸ் போன்ற அந்நிய சிக்லிட்கள் ஏற்கெனவே இங்குள்ள நீர்த்தேக்கங்களில் குடியேறிவிட்டன. பணம் கொடுக்கும் முன்பே, பிறகு திரும்ப எடுத்துக்கொள்வாரா என்று கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.