காட்டு மண் இழந்த சுண்ணாம்பு

அமில மழை என்றால் கருகிப்போன இலைகள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். உண்மையில் பெரிய சேதம் கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்குள் நடக்கிறது.

அனல்மின் நிலையப் புகையில் கந்தக டையாக்சைடு இருக்கிறது; வண்டிப் புகையில் நைட்ரஜன் ஆக்சைடுகள். காற்றிலேயே இவை அமிலமாக மாறி மழையாகவும் பனிமூட்டமாகவும் காட்டில் இறங்குகின்றன. மண் துகள்களில் ஒட்டியிருக்கும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் இந்த அமிலம் பெயர்த்து ஓடையில் விட்டுவிடும். இருப்பு தீர்ந்ததும் மண்ணிலுள்ள அலுமினியம் கரையத் தொடங்கும். அது வேர் நுனியைக் கெடுக்கும். ஓடைக்குப் போனால் மீனின் செவுளைக் கெடுக்கும். சுண்ணாம்புப் பாறை உள்ள இடம் ஓரளவு தப்பித்துக்கொள்ளும். மணல் நிலமும் கருங்கல் பாறைப் பகுதியும்தான் முதலில் அடிபடும்.

நெதர்லாந்தின் மணற்பாங்கான காடுகளில் இது வினோதமான வழியில் வெளிப்பட்டது. 1980களில் அங்கே பட்டாணிக்குருவிகளின் முட்டை ஓடு மெலிந்தது. சில முட்டைகள் காய்ந்து வற்றின. சில தாய்ப்பறவைகள் வெறும் கூட்டில் அடைகாத்தன. தேடிப் பார்த்தால் காரணம் நத்தை. முட்டை ஓட்டுக்கு வேண்டிய கால்சியத்தை அந்தக் குருவிகள் நத்தை ஓட்டிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். மண்ணில் கால்சியம் குறைய, சருகில் குறைந்தது, நத்தைகளும் அருகின. உல்லாசப் பயணிகள் உரித்துப் போட்ட கோழிமுட்டை ஓடு கிடைத்த இடங்களில் மட்டும் குருவிகள் சமாளித்துக்கொண்டன! மழை பெய்வதைப் பார்த்து இதை யாரால் ஊகித்திருக்க முடியும்?

புகையை நிறுத்திவிட்டால் போதுமா? அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள ஹப்பர்ட் புரூக் காட்டில் 1963 முதல் மழைநீரைச் சோதித்து வருகிறார்கள். தூய மழையின் பிஎச் சுமார் 5.6, அங்கே பெய்ததோ 4-ஐ ஒட்டி, அதாவது ஏறக்குறைய நாற்பது மடங்கு அமிலம். 1990இல் தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தி மின்நிலையங்களின் கந்தகப் புகைக்கு உச்சவரம்பு வைத்தார்கள். மழை தேறியது, மண் அவ்வளவு சீக்கிரம் தேறவில்லை. 1999இல் சுமார் 12 ஹெக்டேர் பரப்பில் ஹெலிகாப்டரிலிருந்து கால்சியம் சிலிகேட்டைத் தூவிப் பார்த்தார்கள். மேப்பிள் மரங்கள் தெளிந்தன, கன்றுகள் பிழைத்தன. சோதனைக்குச் சரி. ஆனால் ஒரு மலைத்தொடர் முழுக்க ஹெலிகாப்டர் அனுப்பிக் கால்சியம் போட எந்த அரசாலும் ஆகாது. புகைபோக்கியிலேயே கந்தகத்தைப் பிடிப்பதுதான் மலிவு.

கந்தகம் இப்படி ஓரளவு அடங்கிவிட்டது, ஐரோப்பாவிலும்தான். இப்போது தலைவலி நைட்ரஜன், அதிலும் மாட்டுப்பண்ணைச் சாணத்திலிருந்தும் மூத்திரத்திலிருந்தும் எழும் அமோனியா. அது காட்டுக்கு வேண்டாத உரம்: புல் தழைக்கும், மரப்பாசியும் ஏழை மண்ணுக்குப் பழகிய சிறு செடிகளும் ஒடுங்கும். இதற்குப் புகைபோக்கியும் கிடையாது. நைட்ரஜன் கூடிக்கொண்டே போக வழிவிட்ட அனுமதித் திட்டத்தை நெதர்லாந்தின் உயர் நிர்வாக நீதிமன்றம் 2019 மே மாதம் செல்லாதென்றது. அதன்பின் பண்ணைகளுக்கு மட்டுமல்ல, சாலைக்கும் வீட்டுக்கும்கூட அனுமதி தேங்கியது. அக்டோபரில் விவசாயிகள் டிராக்டர்களோடு ஹேக் நகருக்குள் வந்துவிட்டார்கள்.