கருவியைத் திறக்கும் முன் எர்த்தைப் பாருங்கள்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையிலான கடலோரத்தில் சோதனைக்கூடம் இல்லாத பெரிய வேலையிடத்தைப் பார்ப்பது கடினம். சுத்திகரிப்பு ஆலையில் எரிபொருளின் தரம் பார்க்கும் குரோமட்டோகிராஃப், அனல்மின் நிலையத்தில் கொதிகலன் நீரைச் சோதிக்கும் பிஎச் மீட்டர், மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக்கான ஆட்டோ அனலைசர் என எல்லாமே கரண்டை நம்பியிருப்பவை. ஒரு கருவி திடீரென அணைந்து எரிந்தாலோ, அளவு ஓரிடத்தில் நிற்காமல் அலைந்தாலோ, பழி உள்ளே இருக்கும் போர்டின் மேல்தான் விழுகிறது. போர்டை மாற்றுகிறார்கள், சில மாதங்களில் புதியதும் போய்விடுகிறது. இந்தப் பகுதியில் முதலில் சந்தேகிக்க வேண்டியது கருவிக்கு வந்து சேரும் மின்சாரத்தை, அதிலும் யாரும் திரும்பிப் பார்க்காத எர்த் ஒயரை.

ஒரு சின்ன அடையாளம் போதும். கருவியின் உலோக உடலைப் புறங்கையால் தொட்டால் சுருக்கென்று ஒரு கூச்சம் வருகிறதா? இன்றைய கருவிகளின் பவர் சப்ளை வாசலில் இரைச்சலை வடிகட்டும் சிறு கெபாசிட்டர்கள் இருக்கும். ஒன்று பேஸிலிருந்தும் இன்னொன்று நியூட்ரலிலிருந்தும் உடலுக்குப் போகும். எர்த் நன்றாக இருந்தால் அந்தச் சொற்ப மின்னோட்டம் மண்ணுக்குள் இறங்கிவிடும். எர்த் அறுந்திருந்தால் உடல் அந்தரத்தில் தொங்கி, 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதியை, அதாவது 115 வோல்ட்டை மல்டிமீட்டரில் காட்டும். கருவி நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும் என்பதுதான் இதில் மோசம். பிஎச் மீட்டருக்கு 25 டிகிரியில் ஒரு பிஎச் என்பது 59 மில்லிவோல்ட். வெளியிலிருந்து வெறும் 6 மில்லிவோல்ட் ஒட்டிக்கொண்டாலே 0.1 பிஎச் பிசகும்.

கடற்கரை மண் ஈரமும் உப்புமாக இருப்பதால் இங்கே எர்த் தானாகவே நன்றாக அமையும் என்று ஒரு வாதம் உண்டு. பாதி உண்மை. உப்பு ஈரம் உள்ள மண்ணில் மின்தடை குறைவுதான். ஆனால் மின்சாரத்தை எளிதாகக் கடத்தும் அதே மண் இரும்பையும் விரைவாக அரிக்கும். கடல் காற்றின் குளோரைடோடு, நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் எழும் கந்தக வாயுக்களும் சேரும்போது, எர்த் குழிக்கு மேலே உள்ள ஜிஐ பட்டை, போல்ட், நட் எல்லாம் துருவேறிப் பிடி தளர்கின்றன. குழியில் தண்ணீர் ஊற்றி என்ன பயன், பட்டை போல்ட்டடியில் அற்றுப் போயிருந்தால்?

"நல்ல யு.பி.எஸ். இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா" என்பார்கள். கரண்ட் போவதையும் வோல்டேஜ் சரிவையும் அது சமாளிக்கும். அதை வாங்குவது வீணில்லை. ஆனால் எர்த் ஒயர் யு.பி.எஸ்-க்குள் நுழைந்து அப்படியே வெளியே வருகிறது. அறுந்த எர்த்தை அதனால் உருவாக்கித் தர முடியாது. கருவி 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் என்ற பதிலும் இதே ரகம். அந்த எண் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையிலான அளவைப் பற்றியது. எர்த்தைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. மூன்று பேஸ் இணைப்பில் நியூட்ரல் விட்டுப்போனால் ஒரு கருவியின் மேல் 400 வோல்ட்டை நெருங்கும் அளவு ஏறக்கூடும். அப்போது அந்த எண்ணும் காப்பாற்றாது.

ஆகவே அளப்பதற்கு ஒரு வரிசை வேண்டும். ஓவன், கம்ப்ரஸர் எல்லாம் ஓடும்போதே, பிளக் பாயின்ட்டில் பேஸ்–நியூட்ரல், பேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் மூன்றையும் அளக்க வேண்டும். லோடு இல்லாமல் அளந்தால் தளர்ந்த நியூட்ரல் சிக்காது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட் என்றால் கவலையில்லை. பத்து இருபது என்றால் இணைப்பு எங்கோ கெட்டிருக்கிறது. அசல் பூஜ்யம் என்றாலும் விசாரிக்க வேண்டும்: பாயின்ட்டுக்குள்ளேயே யாரோ எர்த்தை நியூட்ரலோடு சேர்த்துக் கட்டியிருக்கலாம், அது உயிருக்கே ஆபத்து. மல்டிமீட்டர் மிகக் குறைந்த மின்னோட்டத்தில் அளப்பதால் துருப்பிடித்த இணைப்பும் அதில் நல்லதுபோலத் தெரியும். அதனால் எர்த் லூப் டெஸ்டர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனை மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை அழைத்து, குழியடி போல்ட்டுகளைக் கழற்றித் துருவைச் சுரண்டி, மறுபடி முடுக்கி, அதன்பின் வரும் அளவைக் கருவியின் பதிவேட்டிலேயே தேதியோடு எழுதி வைக்க வேண்டும். அடுத்த முறை அளவுகள் அலையும்போது, போர்டைக் கழற்றும் முன் புரட்ட வேண்டியது அந்தப் பக்கத்தைத்தான்.