240 ஹெர்ட்ஸா, 4கேவா? கேமிங் மானிட்டர் வாங்கும் முன்பு பார்க்க வேண்டியது என்ன?

சம்பளத்தில் மாதாமாதம் கொஞ்சம் எடுத்துவைத்து, ஒரு நல்ல கேமிங் மானிட்டர் வாங்கலாம் என்று ஆன்லைனில் தேட ஆரம்பித்தால், முதல் பக்கத்திலேயே குழப்பம் வந்துவிடும். கிட்டத்தட்ட ஒரே பட்ஜெட்டில் இரண்டு மானிட்டர்கள். ஒன்று ‘ஃபுல் ஹெச்டி, 240 ஹெர்ட்ஸ்’. இன்னொன்று ‘4கே, 60 ஹெர்ட்ஸ்’. எதை எடுப்பது?

மானிட்டரை மட்டும் பார்த்து இதை முடிவு செய்ய முடியாது. அதை எந்தக் கணினியோடு இணைக்கப் போகிறீர்கள், அதில் என்ன விளையாடப் போகிறீர்கள் என்பதுதான் முக்கியம்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

திரையில் எத்தனை பிக்சல்கள் இருக்கின்றன என்பதைச் சொல்வது ரெசல்யூஷன். ஃபுல் ஹெச்டி (1920 × 1080) திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள். கியூஹெச்டியில் (2560 × 1440) சுமார் 36.9 லட்சம். 4கே திரையில் (3840 × 2160) சுமார் 83 லட்சம். அதாவது, ஃபுல் ஹெச்டியைப் போல நான்கு மடங்கு.

விநாடிக்கு எத்தனை முறை திரை புதுப்பிக்கப்படுகிறது என்பதைச் சொல்வது ரெஃப்ரெஷ் ரேட். 60 ஹெர்ட்ஸ் போனிலிருந்து 120 ஹெர்ட்ஸ் போனுக்கு மாறியவர்களுக்கு இது ஏற்கெனவே தெரியும். ஸ்க்ரோல் செய்யும்போது வழுக்கிக்கொண்டு போகுமே, அதுதான்.

60 ஹெர்ட்ஸ் திரையில் அடுத்த காட்சி வர 16.7 மில்லி விநாடி ஆகும். 144 ஹெர்ட்ஸில் 6.9. 240 ஹெர்ட்ஸில் 4.2. முதல் தாவலில் கிட்டத்தட்ட 10 மில்லி விநாடி மிச்சம். அடுத்த தாவலில் 3 மில்லி விநாடிகூட இல்லை. அதனால்தான் 60லிருந்து 144க்குப் போனால் பெரும்பாலானவர்களுக்கு உடனே தெரிகிறது. 144க்கும் 240க்கும் உள்ள வித்தியாசம், போட்டிபோட்டு விளையாடுபவர்களுக்குத்தான் அதிகம் தெரியும்.

கிராபிக்ஸ் கார்டு தாங்குமா?

ஒவ்வொரு காட்சியையும் வரைந்து அனுப்புவது கிராபிக்ஸ் கார்டு. பிக்சல்களின் எண்ணிக்கையை விநாடிக்கு வரும் ஃபிரேம்களால் பெருக்கினால், அதன் வேலைப்பளு ஓரளவு புரியும். ஃபுல் ஹெச்டியில் 144 ஃபிரேம் வேண்டுமானால் விநாடிக்கு சுமார் 30 கோடி பிக்சல்கள். 4கேவில் வெறும் 60 ஃபிரேமுக்கே சுமார் 50 கோடி. 4கே, 144 ஃபிரேம் இரண்டும் சேர்ந்து வேண்டும் என்றால் 119 கோடி! இது தோராயக் கணக்குதான். கேமையும் பிராசஸரையும் பொறுத்து மாறும்.

பலர் ஏமாறுவது இங்கேதான். ஆசையாக 4கே மானிட்டர் வாங்கி வந்து பார்த்தால், புது கேம் திணறித் திணறி ஓடும். சரி, ரெசல்யூஷனைக் குறைக்கலாம் என்று கியூஹெச்டிக்கு மாற்றினால், படம் லேசாக மங்கும். காரணம், கியூஹெச்டியின் ஒரு பிக்சல், 4கே திரையின் ஒன்றரை பிக்சலில் உட்கார வேண்டியிருக்கும். டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்ற வசதிகள் கைகொடுக்கும். ஆனால் கேமில் அவை இருக்க வேண்டும். கடைசியில், மானிட்டரைவிட அதிக விலைக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கும் நிலை வந்துவிடும்.

இதன் மறுபக்கமும் உண்டு. கார்டு 70 ஃபிரேம்தான் தருகிறது என்றால், 240 ஹெர்ட்ஸ் மானிட்டருக்குக் கொடுத்த காசின் பெரும்பகுதி சும்மா கிடக்கும்.

எந்த கேமுக்கு எது?

வாலரண்ட், கவுன்டர் ஸ்டிரைக் 2 போன்ற கேம்களில் எதிரி மூலையிலிருந்து எட்டிப் பார்க்கும் நொடியில் எல்லாம் முடிந்துவிடும். இவை கிராபிக்ஸ் கார்டை அதிகம் வதைப்பதும் இல்லை. இங்கே வேகம்தான் முக்கியம். 24 அங்குல ஃபுல் ஹெச்டி, 144 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல் போதும்.

ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, சைபர்பங்க் 2077 போல நின்று ரசித்து விளையாடும் கேம்கள் என்றால், ரெசல்யூஷனுக்குச் செலவு செய்யலாம். பிளேஸ்டேஷன் 5 வைத்திருப்பவர்களுக்கு 240 ஹெர்ட்ஸ் தேவையே இல்லை. அது அதிகபட்சம் 120 ஹெர்ட்ஸ்தான் தரும்.

பகலில் வேலை, இரவில் கேம் என்றால்?

27 அங்குலத்தில் ஃபுல் ஹெச்டி வாங்கினால், ஓர் அங்குலத்துக்கு 82 பிக்சல்கள்தான். எக்செல், கோடிங் என்று நாள் முழுக்க எழுத்துகளைப் பார்ப்பவர்களுக்கு ஓரங்கள் சொரசொரப்பாகத் தெரியும். அதே அளவில் கியூஹெச்டி என்றால் 109. எனவே இரண்டுக்கும் ஒரே திரை வேண்டும் என்பவர்களுக்கு 27 அங்குல கியூஹெச்டி, 144 அல்லது 165 ஹெர்ட்ஸ் நல்ல நடுவழி. ஃபிரேம் ஏறி இறங்கும்போது படம் கிழிந்ததுபோல் தெரியாமல் இருக்க, ஃப்ரீசிங்க் அல்லது ஜிசிங்க் வசதி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வாங்கிய பிறகு மறக்கக் கூடாதவை

144 ஹெர்ட்ஸ் மானிட்டரை மாட்டினாலும் விண்டோஸ் 60 ஹெர்ட்ஸிலேயே ஓடிக்கொண்டிருக்கலாம். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் போய் மாற்ற வேண்டும். கேபிளை மதர்போர்டில் சொருகாமல், கிராபிக்ஸ் கார்டில் சொருக வேண்டும். ஹெச்டிஎம்ஐ 2.0 வழியாக 4கே என்றால், பொதுவாக 60 ஹெர்ட்ஸ்தான் கிடைக்கும். அதற்கு மேல் வேண்டுமானால் ஹெச்டிஎம்ஐ 2.1 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் 1.4 தேவை.

ஆர்டர் போடுவதற்கு முன்பு ஒரு சின்ன சோதனை. நீங்கள் அதிகம் விளையாடும் கேமைத் திறந்து, விசிங்கை அணைத்துவிட்டு, எஃப்பிஎஸ் காட்டும் வசதியை ஆன் செய்து அரை மணி நேரம் விளையாடுங்கள். ஃபுல் ஹெச்டியிலேயே 60ஐத் தொடத் திணறுகிறதா? அப்போ 4கே இப்போதைக்கு வேண்டாம். 150ஐத் தாண்டுகிறதா? கியூஹெச்டிக்குத் தாராளமாகப் போகலாம்.