உப்பு நீரும் உருகிய பாறையும்: மின்னாற்பகுப்பின் தொழில்முகம்

தானாக நடக்காத வேதிவினையை மின்சாரம் செலவிட்டு நடத்திக்கொள்ளும் முறைதான் மின்னாற்பகுப்பு. உருகிய உப்பிலோ உப்புக் கரைசலிலோ இரண்டு மின்வாய்களை அமிழ்த்தி நேர்த்திசை மின்னோட்டம் செலுத்தினால், நேர் அயனிகள் எதிர்மின்வாய்க்கு நகர்ந்து எலக்ட்ரான்களைப் பெறும்; எதிர் அயனிகள் நேர்மின்வாயில் அவற்றை இழக்கும். விளைபொருளின் அளவு, பாய்ந்த மின்னூட்டத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1830களில் நிறுவினார்.

எந்தப் பொருள் வெளிவரும் என்பதை முடிவுசெய்வதில் தண்ணீருக்குப் பெரும் பங்குண்டு. சமையல் உப்பை உருக்கி மின்சாரம் செலுத்தினால் சோடியம் கிடைக்கும். அதையே தண்ணீரில் கரைத்துவிட்டால் கிடைக்காது. சோடியம் அயனியை முந்திக்கொண்டு நீர் எலக்ட்ரானை ஏற்று ஹைட்ரஜனை விடும். கரைசலில் காஸ்டிக் சோடா சேரும். நேர்மின்வாயில் குளோரின் எழும். சோப்பு, காகிதம், பி.வி.சி. குழாய் எனப் பல தொழில்கள் இந்த மின்னாற்பகுப்புத் தொட்டியை நம்பியிருக்கின்றன. குளோரினும் காஸ்டிக் சோடாவும் கலந்தால் இரண்டும் கெடும். அதனால் நடுவே சோடியம் அயனியை மட்டும் கடக்கவிடும் சவ்வு வைக்கிறார்கள். முன்பு பாதரசத்தை எதிர்மின்வாயாக வைத்து இதைச் சமாளித்தனர். அந்த நச்சு முறை பெரும்பாலும் கைவிடப்பட்டது நல்லதே.

அலுமினியத்துக்குத் தண்ணீர் அறவே ஆகாது. கரைசலில் உலோகத்துக்குப் பதில் ஹைட்ரஜன்தான் வரும். பாக்சைட்டிலிருந்து எடுக்கும் அலுமினாவை உருக்கவோ 2,000 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பம் வேண்டும். 1886இல் அமெரிக்காவில் சார்லஸ் ஹாலும் பிரான்சில் பால் ஹெரூவும் தனித்தனியே ஒரே வழியைக் கண்டார்கள். கிரையோலைட் என்னும் கனிமத்தை உருக்கினால் அதில் அலுமினா சுமார் 960 டிகிரியிலேயே கரைந்துவிடுகிறது. பிரிந்த அலுமினியம் தொட்டியின் அடியில் தங்கும். கார்பன் நேர்மின்வாய் ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகித் தேய்ந்துபோகும். அரிதாக இருந்த உலோகம் அடுப்படிப் பாத்திரமானது இந்தக் கண்டுபிடிப்பால்தான். ஒவ்வொரு அலுமினிய அயனிக்கும் மூன்று எலக்ட்ரான்கள் தேவை. ஆகவே ஒரு கிலோவுக்குச் சுமார் 14 யூனிட் மின்சாரம் செலவாகிறது. அலுமினிய ஆலைகள் மலிவான மின்சாரத்தைத் தேடிப் போவது இதனால்தான். பழைய அலுமினியத்தை உருக்கி மறுபடி வார்க்க இதில் சிறு பங்கு போதும்.

செம்பைச் சுத்திகரிப்பது எளிது. தூய்மை குறைந்த செம்பு நேர்மின்வாயாகக் கரைந்து, எதிர்மின்வாயில் 99.99 சதவீதத் தூய்மையோடு படிகிறது. கரையாத தங்கமும் வெள்ளியும் அடியில் சேறாகத் தங்கும்; அதையும் தனியே பிரித்தெடுக்கிறார்கள். எதிர்மின்வாயில் செம்புக்குப் பதில் வேறொரு பொருளைத் தொங்கவிட்டு, அதன்மேல் நிக்கலையோ வெள்ளியையோ படியவைத்தால் அது மின்முலாம்.