பின்மண்டையில் ஒரு ‘டிக்’

முதலில் கண்ணெதிரே ஒரு மினுமினுப்பு. ரம்பப் பல் போல வளைந்து, மெல்ல ஓரத்துக்கு நகரும். அது போன வழியில் படிக்கிற எழுத்துகூட மறைந்துவிடும். அரைமணி கழித்து, ஒரு பக்கத் தலை விண்விண்ணென்று தெறிக்கும். ஒற்றைத் தலைவலிக்காரர்களில் சிலருக்கு இப்படித்தான் தொடங்கும்.

அமெரிக்க உளவியலாளர் கார்ல் லாஷ்லி, தன் கண்ணில் நகர்ந்த மினுமினுப்பையே வரைந்துவைத்தார். மூளையில் ஏதோ ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் ஊர்கிறது என்று 1941இல் கணக்குச் சொன்னார். நத்தையைவிட மெதுவு! 1944இல் பிரேசில்காரர் லியாவோ, முயலின் மூளையில் அப்படியோர் அலையைக் கண்டார். அது கடந்த இடத்தில் நரம்பணுக்கள் சற்று நேரம் ஓய்ந்துகிடந்தன.

அலையை நடுவழியில் மின்சாரத்தால் கலைத்துவிட்டால்? மண்டையோடு மின்சாரத்தை எளிதில் உள்ளே விடாது, காந்தப்புலத்தைத் தடுக்காது. இண்டக்‌ஷன் அடுப்பைப் பாருங்கள். உள்ளே இருப்பது வெறும் கம்பிச்சுருள். அதன் காந்தப்புலம் மாறிக்கொண்டே இருப்பதால் பாத்திரத்தின் அடியில் மின்சாரம் பிறக்கிறது. 1831இல் ஃபாரடே கண்ட விதிதான். 1985இல் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கர் குழுவினர் தலைமேல் சுருளை வைத்துக் காந்தத் துடிப்பு கொடுத்தபோது, கைத்தசை தானாகத் துள்ளியது. (மூளை வெந்துவிடாது, துடிப்பு அத்தனை குறுகியது.)

இதே முறையில் இயங்கும் ஒற்றைத் தலைவலிக் கருவியை இரண்டு கையாலும் பிடித்துப் பின்மண்டையில் பொருத்தி, பொத்தானை அழுத்தினால் ஒரு ‘டிக்’. ஒரு மில்லிநொடிகூட இல்லை. 2010இல் வெளியான ஆய்வில், கண் மினுமினுப்போடு தலைவலி வருகிற 164 பேரில் பாதிப் பேர் இதையும், மறுபாதி போலிக் கருவியையும் பயன்படுத்தினார்கள். உண்மைக் கருவி வாங்கியவர்களில் இரண்டு மணி நேரத்தில் வலி நீங்கியவர்கள் 39 சதவீதம். போலிக் கருவி வாங்கியவர்களில் 22 சதவீதம். அந்த 22ஐக் கழித்துத்தான் கருவியின் பலத்தை அளக்க வேண்டும். 2013 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி தந்தது.

என்னைக் கேட்டால், இது அற்புதமல்ல. ஆனால் மாத்திரைக்கு வலி அடங்காதவர்களுக்கு ஒரு வழி. ஒற்றைத் தலைவலிக்குத் தரும் டிரிப்டான் மாத்திரைகள் ரத்தக் குழாயைச் சுருக்குவதால் இதய நோயாளிகளுக்கு ஆகாது. அவர்களில் சிலருக்கும் இது உதவலாம். இதைக் காட்டிக் காந்த வளையல், காந்தத் தலையணை விற்க வருபவரை நம்பிவிடாதீர்கள். அவற்றின் புலம் மாறுவதே இல்லை, மூளையில் மின்சாரம் எங்கிருந்து பிறக்கும்?

பேஸ்மேக்கர் வைத்தவர்களும், தலைக்குள் உலோகக் கிளிப் உள்ளவர்களும், வலிப்பு நோயாளிகளும் இந்தக் கருவியைத் தொடவே கூடாது.