காயப்பட்ட பார்வையும் அழிக்கும் ஆற்றலும்: 'கேரி' (1976) திரைப்படத்தில் மனவடுவின் சித்திரிப்பு

ஆய்வுச்சுருக்கம்

ஸ்டீபன் கிங்கின் முதல் நாவலைத் தழுவிப் பிரையன் டி பால்மா இயக்கிய 'கேரி' என்னும் அமெரிக்கத் திரைப்படம், வீட்டிலும் பள்ளியிலும் துன்புறுத்தப்பட்ட ஒரு பெண்ணிடம் வெளிப்படும் இயற்கை மீறிய ஆற்றலைப் பொருளாகக் கொண்டது. அவ்வாற்றலைப் பழிவாங்கும் கருவியாக மட்டும் காணாமல், சொல் மறுக்கப்பட்ட ஒருத்தியின் வெளிப்பாடாகவும், இறுதிப் பேரழிவை மனவடுவால் திரிந்த பார்வையின் விளைவாகவும் இக்கட்டுரை விளக்குகிறது. நாவலிலிருந்து திரைப்படம் மேற்கொண்ட மாற்றங்கள் இவ்விளக்கத்திற்குச் சான்றாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: திகில் திரைப்படம், மனவடு, கேரி, பிரையன் டி பால்மா, ஸ்டீபன் கிங், மெய்ப்பாடு.

முன்னுரை

1970களின் அமெரிக்கத் திகில் திரைப்படங்களில் குழந்தை முதன்மையான இடத்தைப் பெற்றது. 'தி எக்சார்சிஸ்ட்' (1973) படத்தில் தீமை வெளியிலிருந்து வந்து சிறுமியின் உடலைக் கைப்பற்றுகிறது. 'தி ஓமன்' (1976) படத்தில் தீமையே குழந்தை வடிவில் பிறக்கிறது. இவ்விரண்டிலும் குடும்பம் தீமைக்குப் பலியாவதன்றி அதனை உருவாக்குவதில்லை. 1976 நவம்பரில் வெளியான 'கேரி' இந்நிலையை மாற்றுகிறது. இங்குச் சாத்தான் இல்லை. ஒரு தாயும், ஒரு வகுப்பறையும், ஒரு பள்ளி நிருவாகமும் உள்ளன. அழிவின் ஊற்று மனிதரின் கொடுமையே.

கேரி ஒயிட் பள்ளி இறுதியாண்டு மாணவி. வயதால் குழந்தைப் பருவத்தைக் கடந்தவள் எனினும், தன் உடலைப் பற்றிய அடிப்படை அறிவும் மறுக்கப்பட்டமையால் குழந்தையாகவே நிறுத்தி வைக்கப்பட்டவள். இவ்வறியாமையிலிருந்தே கதை தொடங்குகிறது.

சொல் மறுப்பும் ஆற்றலின் தோற்றமும்

பள்ளியின் குளியலறையில் கேரிக்கு முதல் மாதவிடாய் வருகிறது. அது இன்னதென்று அறியாத அவள் தான் இறந்துகொண்டிருப்பதாக அஞ்சி உதவி கேட்கிறாள். உடன் பயிலும் மாணவியர் சிரிக்கின்றனர். அணையாடைகளை அவள்மீது எறிந்து கூச்சலிடுகின்றனர். அப்பொழுது மேலேயிருந்த மின்விளக்கு வெடிக்கிறது. பின்னர்ப் பள்ளி முதல்வர் அவள் பெயரை மீண்டும் மீண்டும் தவறாக அழைக்கும்போது மேசைமேல் இருந்த சாம்பல் கிண்ணம் தெறித்து விழுகிறது. தெருவில் ஒரு சிறுவன் கேலி செய்ய, அவன் மிதிவண்டியிலிருந்து வீழ்கிறான்.

இந்நிகழ்வுகள் ஒரே ஒழுங்கில் அமைந்துள்ளமை நோக்கத்தக்கது. கேரி பேச முற்படுகிறாள், அல்லது பேச இயலாமல் நிற்கிறாள், எதிரில் இருப்பவர் அவளைக் கேட்பதில்லை, பொருள்கள் அசைகின்றன. சொல் சென்று சேராத இடத்தில் ஆற்றல் தோன்றுகிறது. தன்னிடம் நிகழ்வது டெலிகினிசிஸ் எனப்படும் மனவிசை என்பதைக்கூட அவள் பள்ளி நூலகத்தில் புத்தகம் தேடித் தானே அறிந்துகொள்ள வேண்டியுள்ளது.

இம்மறுப்பின் முதலிடம் வீடு. தாய் மார்கரெட், மாதவிடாயைப் பாவத்தின் அடையாளமாகக் கருதுபவள். மகள் அச்சத்துடன் வந்து நிற்கும்போது அவளைச் சமய நூலால் அடித்து, ஏவாளின் பாவத்தை ஒப்புக்கொள்ளச் செய்து, சிற்றறையில் அடைக்கிறாள். அவ்வறையில் அம்புகள் தைத்த புனித செபஸ்தியாரின் உருவம் உள்ளது. பள்ளியில் கேலியாகவும் வீட்டில் தண்டனையாகவும் கிடைப்பது ஒன்றே: அறியாமைக்கு அவளையே குற்றவாளியாக்குதல்.

எள்ளல், இளிவு, வெகுளி

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்குரிய நிலைக்களன்களுள் எள்ளலையும் பேதைமையையும், அழுகைக்குரியவற்றுள் இளிவையும், வெகுளிக்குரியவற்றுள் அலைத்தலையும் சுட்டுகிறது. ஓர் அயல்மொழித் திரைப்படத்திற்கு இவ்விலக்கணம் எழுதப்படவில்லை எனினும், அப்படத்தின் உணர்ச்சிப் போக்கைப் பிரித்தறிய இச்சொற்கள் துணைபுரிகின்றன. கேரியின் பேதைமை பிறருக்கு நகையாகிறது. அவர்தம் எள்ளல் அவளுக்கு இளிவாகிறது. இளிவு அழுகையோடு நில்லாமல், தொடர்ந்த அலைத்தலால் வெகுளியாகிறது. ஒருவரின் நகையே மற்றொருவரின் அழுகைக்கு நிலைக்களனாவதைப் படம் தொடக்கம் முதலே காட்டுகிறது. எல்லோரும் உன்னைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று நடன விழாவிற்குச் செல்லும் மகளைத் தாய் எச்சரிப்பதும் இதனாலேயே பொருள்பெறுகிறது. மார்கரெட் மகளின் உள்ளத்தில் விதைத்த அச்சம் சிரிப்பைப் பற்றிய அச்சமாகும்.

நடன அரங்கு: எவர் பார்வை?

படத்தின் உச்சக்கட்டம் பள்ளி நடன விழாவில் அமைகிறது. குளியலறை நிகழ்வுக்கு வருந்தும் சூ ஸ்னெல், தன் காதலன் டாமியைக் கேரியுடன் விழாவுக்கு அனுப்புகிறாள். தண்டிக்கப்பட்ட கிறிஸ் ஹார்கென்சனோ பழிதீர்க்கத் திட்டமிடுகிறாள். போலி வாக்குச்சீட்டுகளால் கேரி விழா அரசியாகிறாள். முடிசூடிய வேளையில் பன்றியின் குருதி அவள்மேல் கொட்டப்படுகிறது.

இதற்குப் பின் வரும் காட்சிகள் நுணுகிக் காணத்தக்கன. முதலில் அரங்கில் இருப்போர் பலரும் அதிர்ந்து நிற்கின்றனர். சிரிப்பவர் மிகச் சிலரே. அடுத்து, தாயின் எச்சரிக்கைக் குரல் ஒலிக்க, கலைடாஸ்கோப்பில் தெரிவதுபோல் உருவங்கள் சிதறிப் பெருகுகின்றன; அனைவரும் சிரிப்பதாகக் காட்டப்படுகின்றனர். கேரியிடம் பரிவு காட்டிய ஆசிரியை காலின்ஸும் சிரிப்பவராகத் தோன்றுகிறார். முன்பு காட்டப்பட்ட அவரது அதிர்ந்த முகத்தோடு இது முரண்படுகிறது. எனவே பார்வையாளர் இப்பொழுது காண்பது அரங்கை அன்று. கேரியின் மனத்தில் பதிந்த குளியலறையை.

நாவலோடு ஒப்பிடும்போது இம்மாற்றத்தின் அளவு புலப்படும். 1974இல் வெளியான நாவல், விசாரணைக்குழு அறிக்கை, செய்திக் குறிப்பு, ஆய்வு நூற்பகுதி முதலிய கற்பனை ஆவணங்களை இடையிட்டு எழுதப்பட்டது. அதில் சிரிப்பு உண்மையாகவே எழுந்தது என்பதற்கு உயிர்தப்பியவரின் வாக்குமூலம் உண்டு. பரிவுள்ள ஆசிரியையும் உயிர் பிழைக்கிறார். திரைக்கதையாசிரியர் லாரன்ஸ் டி. கோஹனும் டி பால்மாவும் ஆவண வடிவத்தைக் கைவிட்டனர். வெளியிலிருந்து விசாரிக்கும் முறை உள்ளிருந்து காணும் முறையாயிற்று. சிரிப்பின் பெரும்பகுதி மனத்தோற்றமாயிற்று. ஆசிரியை கொல்லப்படுகிறார்.

அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூல், பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாற்றை 1980ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பிலேயே தனிநோயாகச் சேர்த்தது. கடந்த துன்பம் நினைவாக மட்டும் வராமல், இப்பொழுதே நிகழ்வதுபோல் மீள்வது அதன் முதன்மைக் கூறுகளுள் ஒன்று. நான்காண்டுகளுக்கு முன் வெளியான இத்திரைப்படம் அம்மீள்வை ஒரு காட்சி உத்தியாகவே அமைத்திருக்கிறது. தொடர்ந்து வரும் பிளவுத்திரையும் இதற்கு இயைபுடையது: ஒருபுறம் அசைவற்ற கேரியின் முகம், மறுபுறம் அழியும் அரங்கு. காண்பவளும் காணப்படுவதும் ஒரே உலகில் இல்லை.

காணத் தவறியோர்

திரிந்த பார்வை கேரிக்கு மட்டும் உரியதன்று. முதல்வர் அவள் பெயரை அறியவில்லை. மேடைக்கு மேலிருந்த வாளியைக் கண்டு தடுக்க முயலும் சூவை, தீங்கு செய்ய வந்தவளெனக் கருதி ஆசிரியை காலின்ஸ் வெளியேற்றுகிறார். அப்பிழையே பேரழிவுக்கு வழிவிடுகிறது. சூ உயிர் பிழைக்கவும் அதுவே காரணமாகிறது. தாய் தன் மகளில் சூனியக்காரியையே காண்கிறாள். அணைத்தபடியே அவள் முதுகில் கத்தியைப் பாய்ச்சுகிறாள். கேரியின் மனவிசையால் பறந்துவரும் கத்திகள் மார்கரெட்டைச் செபஸ்தியாரின் கோலத்தில் நிறுத்துகின்றன. நாவலில் தாயின் இதயத்துடிப்பைக் கேரி நிறுத்துவதாகவே உள்ளது. தண்டனை அறையின் உருவம் தண்டித்தவள் மேலேயே படியும் இம்மாற்றம், துன்புறுத்தப்பட்ட குழந்தை தான் கற்ற மொழியிலேயே மறுமொழி கூறுவதைக் காட்டுகிறது.

பெண்ணிய ஆய்வாளர்கள் இப்படத்தை வெவ்வேறாக வாசித்துள்ளனர். கேரல் குளோவர் 1992இல் வெளியிட்ட நூலில், ஆண் பார்வையாளரும் துன்புறும் பெண்ணின் இடத்தில் தம்மை வைத்துக் காண இயல்வதை இப்படத்தைக் கொண்டு விளக்கினார். பார்பரா கிரீட் 1993இல், மாதவிடாய்க் குருதியும் பன்றிக் குருதியும் இணைக்கப்பட்டுப் பெண்ணுடல் அருவருப்புக்குரியதாக்கப்படுவதைச் சுட்டினார். இவ்விரு கருத்துகளும் ஒன்றையொன்று மறுப்பனவல்ல. படமே இவ்விரு நிலைகளுக்கிடையே நிற்கிறது. குளியலறைக் காட்சியின் தொடக்கத்தில் ஒளிப்படக் கருவி பெண்ணுடல்களை இன்பப் பொருளாக நோக்குவதும், இறுதியில் கல்லறையிலிருந்து நீளும் கை கேரியை மீண்டும் அச்சப் பொருளாக்குவதும் படத்தின் பரிவுக்கு எல்லை வகுக்கின்றன. ஆயினும் அக்கை தோன்றுவது சூவின் கனவிலாகும். கேரியின் காயம் அடுத்தவளின் மனவடுவாகத் தொடர்கிறது என்பதே அக்கனவின் பொருள்.

முடிவுரை

'கேரி'யில் இயற்கை மீறிய ஆற்றல், கேட்கப்படாத சொல்லின் இடத்தை நிரப்புகிறது. அவ்வாற்றல் பகைவரை மட்டும் தேர்ந்து அழித்திருந்தால் படம் எளிய பழிவாங்கும் கதையாக முடிந்திருக்கும். அன்பு காட்டியவரும் அதில் மடிவதால், மனவடுவின் கொடிய விளைவைப் படம் உணர்த்துகிறது: அது துன்பத்தைத் தருவதோடு நில்லாமல், நட்பையும் பகையையும் வேறுபிரித்தறியும் திறனையும் பறித்துவிடுகிறது. ஆகவே கேரியைக் குற்றமற்றவள் என்றோ அரக்கி என்றோ தீர்ப்பிடுவது படத்தின் மையத்தைத் தவறவிடுவதாகும். பள்ளியிலும் வீட்டிலும் அவளைச் சரியாகக் கண்டவர் எவருமிலர். இறுதியில் அவளும் எவரையும் சரியாகக் காணவில்லை. இப்படம் தரும் அச்சத்தின் வேர் இங்கேயே உள்ளது.